கேள்வி கேட்கும் கட்டளையும் பதில் சொல்லும் ஸ்கிரிப்டும்

லினக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதிப் பழகுகிறவர்கள் ஒருநாள் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். பத்து வேலைகளை வரிசையாக எழுதி ஓடவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால் மூன்றாவது வரியிலேயே நிற்கிறது. ஏதோ ஒரு கட்டளை "செய்யட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது!

சில கட்டளைகளுக்கு மருந்து சுலபம். 'யெஸ்' என்றே ஒரு கட்டளை உண்டு. நிறுத்தும்வரை 'ஒய்', 'ஒய்' என்று எழுதித் தள்ளுவதுதான் அதன் முழுநேர வேலை. பைப் போட்டு இணைத்தால் போதும். (எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் கம்பெனி பொறுப்பல்ல :-))

எஸ்எஸ்ஹெச் இதற்கெல்லாம் மசியாது. கடவுச்சொல்லைப் பைப்பிலிருந்து வாங்காமல் நேராக முனையத்திடம் கேட்கும். இந்த மாதிரி நிரல்களுக்காகத்தான் 1990-ல் டான் லீபிஸ் என்பவர் டிசிஎல் மொழியின்மேல் 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவியை எழுதினார். அது ஒரு போலி முனையத்தை உண்டாக்கி, அதற்குள் நிரலை ஓட்டுகிறது. எதிரே மனுஷன் இருக்கிறான் என்று நிரலும் நம்பிவிடுகிறது. 'ஸ்பான்' நிரலைத் தொடங்கும், 'எக்ஸ்பெக்ட்' கேள்விக்குக் காத்திருக்கும், 'சென்ட்' பதிலைத் தட்டும். அவ்வளவுதான்.

வில்லங்கம் எங்கே என்றால், எக்ஸ்பெக்ட் சும்மா விட்டால் 10 விநாடிதான் காத்திருக்கும். எதிர்பார்த்த கேள்வி வராவிட்டாலும் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்! புது சர்வரில் எஸ்எஸ்ஹெச் முதலில் கேட்பது கடவுச்சொல்லை அல்ல, "இந்த சர்வரை நம்பலாமா, யெஸ்ஸா நோவா?" என்றுதான் கேட்கும். 10 விநாடி கழித்து ஸ்கிரிப்ட் அந்தக் கேள்விக்குக் கடவுச்சொல்லைப் பதிலாகத் தட்டும். இது ரகசியக் கேள்வி இல்லையே, அதனால் திரையில் பளிச்சென்று தெரியும். பதிவுக் கோப்பு வைத்திருந்தால் அதிலும் ஏறிவிடும்.

சரி, அதற்கும் தானாக 'யெஸ்' சொல்லிவிடலாமே? இணையத்தில் கிடைக்கும் பாதி உதாரணங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் போலி சர்வர் நடுவில் புகுந்தால் கண்டுபிடிக்க இருப்பதே அந்த ஒரு கேள்விதான். அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

ஆகவே ஒவ்வொரு எக்ஸ்பெக்ட்டிலும் 'டைம்அவுட்' கிளை ஒன்று வைத்து, கேள்வி வராவிட்டால் வெளியேறச் சொல்லிவிடுங்கள். எஸ்எஸ்ஹெச் மட்டும்தான் வேலை என்றால் கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதிவைப்பதைவிட சாவி முறையே மேல், எக்ஸ்பெக்ட்டே தேவைப்படாது. யோசித்துச் சொல்லவேண்டிய கேள்வி வந்தால் 'இன்டராக்ட்' என்று ஒரு வரி போடுங்கள். ஸ்கிரிப்ட் ஒதுங்கிக்கொண்டு விசைப்பலகையை உங்களிடமே கொடுத்துவிடும்.