துணிக்கொடி ஆன்டெனா

விடுமுறைக்கு வந்த பேரன் என் ரேடியோ அறையில் சுற்றிக்கொண்டிருந்தான். சுவரில் ஒட்டியிருக்கும் ஜப்பான், ரஷ்யா, பிரேசில் க்யூ.எஸ்.எல். அட்டைகளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவ்வளவு தூரம் பேசறீங்களே, பக்கத்து ஊரோட பேச முடியுமா?" என்றான்.

சிரித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு புயல் வந்து சொல்லிக் கொடுத்தது.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்தபோது, 1984-ல், ஹாம் உரிமம் வாங்கினேன். 1988-ல் தஞ்சாவூரில் வீடு கட்டியதும் முதல் காரியமாக மொட்டை மாடியில் இரும்புக் குழாய்க் கம்பம் நட்டேன். அதன் உச்சிக்கும் கொல்லையில் நின்ற நெட்டைத் தென்னைக்கும் நடுவே செம்புக் கம்பி கட்டினேன். தரையிலிருந்து எழுபது அடி உயரம். ஏழு மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர். அதில் சரிபாதி உயரம் என் ஆன்டெனா. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

வேதாரண்யத்தில் எனக்கு ஒரு ஹாம் நண்பர். பள்ளிக்கூட ஆசிரியர், எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். அவரே சால்டர் செய்த பெட்டி, ஐந்து வாட் சக்தி. ஆன்டெனாவோ கொல்லையில் இரண்டு முருங்கைக்கு நடுவே பத்தடி உயரத்தில் தொங்கும் கம்பி. ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது, அதன் ஓரத்தில் அவர் மனைவி துண்டு காயப் போட்டிருந்தார். "இது ஆன்டெனாவா, துணிக்கொடியா?" என்று கேட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அந்தத் துணிக்கொடியை மதுரையில் கேட்டார்கள், திருச்சியில் கேட்டார்கள், சேலத்தில் கேட்டார்கள். தஞ்சாவூரில் நான் மட்டும் சரியாகக் கேட்கவில்லை. நேர்க்கோட்டில் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்தான் இருக்கும். டோக்கியோ காதருகே பேசும்; வேதாரண்யம் கிணற்றுக்குள்ளிருந்து முனகும்.

"ஓ.எம்., ஒரு கம்பியைத் தாழக் கட்டிப் பாருங்களேன். தினம் காலையில் பேசலாம்" என்று வாத்தியார் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஹாம்கள் ஒருவரையொருவர் ஓ.எம். என்றுதான் கூப்பிடுவோம். "பார்க்கலாம்" என்பேன். எழுபது அடி வைத்திருப்பவன் பத்தடிக்கு இறங்குவதாவது! போனில் பேசிக்கொண்டோம்.

2018 நவம்பர் 15-ஆம் தேதி இரவு. கஜா புயல் நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தஞ்சாவூரில் எங்களுக்கே வீடு பெயர்ந்துவிடும்போல இருந்தது. மின்சாரம் போய்விட்டது. என் மனைவி டார்ச்சைக் கூரையைப் பார்க்க நிமிர்த்தித் தரையில் வைத்தாள். கூடம் முழுவதும் மெல்லிய வெளிச்சம். கொல்லையில் படாரென்று ஒரு சத்தம். தென்னை போயிற்று என்று தெரிந்துகொண்டேன்.

எனக்குத் தென்னையைப் பற்றிய கவலை இல்லை. என் அக்கா வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஓட்டு வீட்டில், தனியாக இருந்தாள். வயது எழுபத்து நான்கு. முதல் நாளே இங்கே வந்துவிடு என்றேன். "பசுவை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்று சொல்லிவிட்டாள்.

விடிந்ததும் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரு எண்ணும் கிடைக்கவில்லை. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, பஸ் கிடையாது என்றார்கள். கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். தென்னை சாய்ந்ததில் மாடிக் கம்பமும் வளைந்து தொங்கியது. செம்புக் கம்பி மட்டும் அறாமல் தரையில் கிடந்தது.

வேறு வழி தெரியவில்லை. அந்தக் கம்பியைக் கொய்யா மரத்துக்கும் மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் நடுவே, கைக்கு எட்டிய உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டினேன். இன்வெர்ட்டர் பேட்டரியில் ரேடியோவை இணைத்தேன். ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். எங்கோ தூரதேசத்து நிலையங்கள் லேசாகக் கேட்டன. பக்கத்து ஊர் ஒன்றுமில்லை. எட்டு மணிக்கும் இல்லை. மனைவி காப்பியை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு மேல், இரைச்சலுக்கு நடுவே மோர்ஸ் சத்தம். அந்தக் கை யாருடையது என்று முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. வாத்தியார்! முருங்கை இரண்டும் முறிந்துவிட்டதாம். கம்பியை வேலியில் கட்டியிருக்கிறாராம். அவர் சிக்னல் அவ்வளவு பலமாக நான் அதுவரை கேட்டதில்லை. அக்கா ஊர் பெயரைச் சொன்னேன். "மதியம் இரண்டு மணி. இதே அலைவரிசை" என்று அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஐந்து மணி நேரத்தில்தான் என் அறிவீனம் எனக்கு விளங்கிற்று.

சிற்றலை இரண்டு வழியாகப் போகும். தரையை ஒட்டிப் போவது ஏழு மெகாஹெர்ட்ஸில் கொஞ்ச தூரத்திலேயே தேய்ந்துவிடும். மற்றது மேலே போய், முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். அரை அலைநீள உயரத்தில் கட்டிய ஆன்டெனா, நேர் மேலே ஏறக்குறைய ஒன்றும் அனுப்பாது. சக்தியையெல்லாம் தாழ்வான கோணத்தில் தள்ளும். அது ஜப்பானில் போய் இறங்கும். பக்கத்து ஊர்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும்.

கம்பியைத் தாழக் கட்டினால், தரையே கண்ணாடிபோல அலையை நேர் மேலே திருப்பும். அது செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கி, சுற்றுவட்டாரம் முழுவதும் மழைபோல விழும். கூரைக்குக் காட்டிய டார்ச் கூடத்தையே வெளிச்சமாக்கியது இப்படித்தான். தொண்ணூறு கிலோமீட்டரில் இருப்பவரை எட்ட, அலை அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்கிறது. ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்.

காலை ஏழு மணிக்கு ஏன் கேட்கவில்லை? இரவில் அயனி மண்டலம் மெலிந்துவிடும். செங்குத்தாகப் போகும் அலை அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சாய்வாகப் படுவது மட்டும்தான் திரும்பும். அதனால்தான் தூரதேசம் கேட்டது. வெயில் ஏறி மண்டலம் தடித்த பிறகுதான் நேர் மேலே போனது திரும்பி வந்தது. புத்தகத்தில் இதெல்லாம் படித்தவன்தான் நான். 1924-ல் ஆப்பிள்டன் அயனி மண்டலத்தை நிரூபித்ததே போர்ன்மவுத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த அலையை வைத்துத்தான். அதுவும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்பதும் தெரியும். தெரிந்து என்ன?

இரண்டு மணிக்கு வாத்தியார் வந்தார். சைக்கிள் போகாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போயிருக்கிறார். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. செய்தியைக் காகிதத்தில் எழுதினேன். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது: "அக்கா நலம். ஓடு பாதி போயிற்று. பசு நலம். பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள். அவசரப்பட்டு வர வேண்டாம்."

மனைவியிடம் படித்துக் காட்டப் போனேன். குரல் வரவில்லை. அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

கம்பத்தை நான் மறுபடி நிமிர்த்தவில்லை. கம்பி கொய்யாவிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு தினமும் காலை ஒன்பதரைக்கு வாத்தியாரும் நானும் பேசினோம். உப்பளத்துச் செய்தி, பென்ஷன், முழங்கால் வலி என்று பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இரண்டரை வருஷம் அப்படிப் போயிற்று. 2021-ல் அவர் போய்விட்டார். எங்கள் வழக்கில் அதைச் சைலன்ட் கீ என்போம்.

தாழக் கட்டுங்கள் என்று அவர் சொன்ன முதல் நாளே கட்டியிருந்தால் எத்தனை காலை கிடைத்திருக்கும் என்று சில சமயம் கணக்குப் போடுவேன். பாதியில் விட்டுவிடுவேன்.

பேரனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, ஆன்டெனாவுல பாட்டி துண்டு காயப் போட்டிருக்காங்க" என்றான்.

இருக்கட்டும் என்றேன்.