தலைமுகம்

ருவான்வெல்லையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களில் ஒரு பழைய துரை பங்களா பிரிக்கப்படுகின்றது என்று கொள்வோம். ஓடும் கதவும் விலைபோனபின், கறுத்துக் கனத்த மரத்துண்டு ஒன்று மூலையில் எஞ்சிக் கிடக்கின்றது. காண்பவர் எல்லோரும் கேட்பது, "இது என்ன மரம்?" என்பதே. விடையும் தாமதியாமல் வரும்: கறுப்பாயின் கருங்காலி, தவிட்டு நிறத்திற் கருவரி ஓடியிருப்பின், சிங்களத்தில் களுமெதிரிய எனப்படும் மரம்.

விடை எளிது, உண்மை அத்துணை எளிதன்று. நிறம் ஏமாற்றும், பல்லாண்டு படிந்த புகையும் மெழுகும் எம்மரத்தையும் கறுப்பாக்கும். பெயரும் ஏமாற்றும். இலங்கையிற் கருங்காலி என்பது டயோஸ்பைரஸ் பேரினத்து மரம். தமிழகத்துச் சித்த மருத்துவத்தில் அப்பெயர் வேல மரத்துக்கு உறவான வேறொன்றைக் குறிக்கும்.

இவற்றினும் மேலாக ஏமாற்றுவது ஊர்ப்பெயர். களுமெதிரிய இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கே உரியது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்துத் தளபாடங்களுக்காக வெட்டப்பட்டு, எமர்சன் டெனன்ற் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்ட 1859ஆம் ஆண்டளவிலேயே அருகிவிட்டது. ஐரோப்பிய வணிகரோ அதனைக் 'கொரமண்டல் மரம்' என்றும் வழங்கினர். சோழமண்டலக் கரையில் முளைக்காத மரத்துக்குச் சோழமண்டலத்தின் பெயர்! சீனத்து அரக்குத் திரைகளும் அக்கரை வழியாகக் கப்பலேறியமையால் அதே பெயரைப் பெற்றன. பிறந்த மண்ணைக் கேளாது, ஏறிய துறையைக் கொண்டே பெயரிடுவது வணிகரின் வழக்கம்.

மெய்யை அறிய வேண்டின், துண்டின் தலைமுகத்தைக் கூரிய அலகினாற் சீவி, சிறிது நீர் தடவி, 10 மடங்கு பெருக்கும் வில்லையின் கீழ் நோக்கவேண்டும். கருங்காலியின் பேரினமாயின் துளைகள் மிக நுண்ணியவை. தனித்தும், ஆரைவழியே சிலவாய் அடுக்கியும் நிற்கும். மெல்லிய கோடுகள் கதிர்களைக் குறுக்கறுத்து வலைபோற் பின்னும். இறப்பர் மரமாயின் துளைகள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். வைரமும் வெளிறும் தெளிவாகப் பிரிந்து தோன்றா. கருஞ்சாயம் பூசிய இறப்பர்ப் பலகை இங்கேதான் பிடிபடும். வில்லைக்கும் எல்லையுண்டு, பேரினத்தைக் காட்டுவதோடு அது பெரும்பாலும் நின்றுவிடும்.

இறப்பர் மரமும் இம்மண்ணிற் பிறந்ததன்று. பிரேசிலில் எடுத்த விதைகள் இலண்டன் கியூப் பூங்காவில் முளைத்து, 1876ஆம் ஆண்டு கன்றுகளாக ஹெனரத்கொடையை அடைந்தன. இன்று அதனை எவரும் பிரேசில் மரம் என்பதில்லை. அதிற் பால்வெட்ட வந்த தமிழ்த் தொழிலாளரின் மக்களும் பேரரும் இங்கேயே பிறந்தபோதும், முன்னோர் கப்பலேறிய கரையின் பெயராலேயே பதிவேடுகளில் எழுதப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இறுதியாக எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

மரத்துண்டின் பெயர் பிழைத்தால் விலை பிழைக்கும், வேறு கேடில்லை. மனிதரின் பெயர் பிழைத்தபோது, அதைத் திருத்த 55 ஆண்டுகள் சென்றன.