சிரட்டைப் பட்டன்

கொப்பரை போடுகிறவர்களுக்குச் சிரட்டை வெறும் விறகு. பருப்பைத் தோண்டி எடுத்ததும் அது அடுப்புக்குப் போய்விடும், நின்று எரியும். அந்தமானில் வருடத்தில் பாதிக்கு மேல் மழைக்காலம் என்பதால் வெயிலை நம்பித் தேங்காயைக் காயப்போட முடியாது. பரண் கட்டி அடியில் தீ மூட்டித்தான் உலர்த்தியாக வேண்டும். அந்தத் தீக்கும் மட்டையும் சிரட்டையும்தான். அங்குள்ள குட்வில் எஸ்டேட்டில் நான் பார்க்கப் போயிருந்த அக்காவின் அன்றாட வேலை இந்தக் குவியலிலிருந்து நல்ல சிரட்டையைப் பொறுக்கி எடுப்பதில் தொடங்குகிறது.

பொறுக்குவதே ஒரு தேர்ச்சி. ஒவ்வொன்றையும் எடுத்து விரல் கணுவால் தட்டுகிறார். கணீரென்றால் வலப்பக்கம், மந்தமாகக் கேட்டால் மறுபடி அடுப்புக்கு. "இளசா வெட்டின காயோட சிரட்டை தேய்க்கத் தேய்க்கக் கரைஞ்சுடும் தம்பி. நெத்துக் காயாத்தான் இருக்கணும்." கண் உள்ள பாதியும் கண் இல்லாத பாதியும் தனித்தனிக் குவியல். கண் உள்ள பாதி சாவிக்கொத்துக்கும் பொம்மைக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அந்த மூன்று கண்ணில் எப்படியும் ஒரு முகம் தெரிந்துவிடும். மற்ற பாதிதான் கிண்ணம், அகப்பை, சோப்பு டப்பா. பெரிய காயின் நடு வயிற்றில் வளைவு குறைவாக இருக்கும் இடம் மட்டும் பட்டனுக்கு.

பட்டன் செய்வதை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். ஹாக்ஸா பிளேடு ஒன்றின் பாதியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கைப்பிடியாக்கியிருக்கிறார். சிரட்டையை இரண்டு பாதங்களுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு முதலில் சதுரமாக அறுக்கிறார். பிறகு நான்கு மூலைகளையும் நறுக்க, எட்டு மூலையாகிறது. பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் அதைச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க, மூலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய் வட்டம் வந்துவிடுகிறது. காம்பஸ், அச்சு எதுவும் கிடையாது. அளவு பார்க்க ஒரு ரூபாய் நாணயம். உட்புறத்தைச் சமமாக்கி, கைத்துரப்பணத்தால் இரண்டு துளை. நார் ஒட்டியிருக்கும் வெளிப்பக்கத்தை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து நைசான தாள்வரை தேய்க்கிறார். கடைசியில் துணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். சாம்பல் பூத்துக் கிடந்த ஓடு அந்த ஒரு துடைப்பில் கருங்காலி நிறத்துக்கு மாறுகிறது. உள்ளே ஓடும் வெளிர் கோடுகள் அப்போதுதான் கண்ணில் படுகின்றன.

இந்தத் தீவுகளுக்கும் பட்டனுக்கும் பழைய உறவு உண்டு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிய மூழ்காளிகள் இங்கே வந்து ட்ரோகஸ், டர்போ சங்குகளை எடுத்தார்கள். உள்ளே முத்துப்போல மின்னும் ட்ரோகஸ் ஓட்டைத் துளைத்து உலகச் சந்தைக்குச் சட்டைப் பட்டன் செய்த காலம் அது. பிளாஸ்டிக் வந்து அந்தச் சந்தையைச் சாய்த்தது. ஆனாலும் சங்கும் சோவியும் அந்தமான் கைவினையின் அடையாளமாக நின்றுவிட்டன. 2001-இல் ட்ரோகஸும் டர்போவும் வேறு பல சங்கினங்களோடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைக்குள் வந்தன. நினைத்தபடி எடுத்து விற்க முடியாமல் போனது.

அடுத்த ஆண்டே மரம். 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், சேகர் சிங் ஆணைய அறிக்கையை வைத்து, தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. மரம் கப்பலேறி நிலப்பகுதிக்குப் போவதும் நின்றது. அந்தமான் படாக் என்கிற சிவந்த மரம் இந்தத் தீவுகளுக்கே உரியது. சாத்தம் தீவில் 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலை வளர்ந்ததில் படாக்குக்கும் பெரிய பங்கு. அக்காவின் மாமனார் தச்சு வேலைக்காரர். படாக் கட்டில் செய்த கை இப்போது படாக் துண்டில் அகப்பைக்குக் காம்பு சீவுகிறது. "காட்டுக்கு அது நல்லதுதான். எங்களுக்குத்தான் சின்னச் சின்னதா யோசிக்க வேண்டியதாப் போச்சு" என்றார் பெரியவர். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே அவர் இடைவெளி விடவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை.

தேங்காய் இங்கே தண்டனையாகவும் இருந்திருக்கிறது. செக்கு என்றால் நமக்குக் கோவைச் சிறையும் வ.உ.சி.யும்தான் நினைவுக்கு வரும். 1906-இல் கட்டி முடித்த போர்ட் பிளேர் செல்லுலார் சிறையிலும் மனிதர்களைச் செக்கில் பூட்டினார்கள். ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தர வேண்டும். மட்டையை அடித்து நார் எடுப்பது இன்னொரு தண்டனை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போய்க் காட்டினார்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சில்லைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்குள் முடிக்க வேண்டிய வேலை இருந்தது.

படைப்பாற்றலுக்குக் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிற காலம் இது. அதனால் நானும் அந்தக் கேள்வியைக் கேட்டு வைத்தேன்: புதுசு புதுசாகச் செய்ய யோசனை எங்கிருந்து வருகிறது? "சிரட்டை சும்மா கிடந்தா கை சும்மா இருக்குமா?" என்றார். சற்றுப் பொறுத்து, உள்ளே போய் ஒரு கிண்ணத்தை எடுத்துவந்தார். விளிம்பிலிருந்து அடிவரை ஒரு விரிசல். இருபுறமும் ஊசித் துளை போட்டு, நைலான் நரம்பால் குறுக்குத் தையல். அறுக்கும்போது விரிசல் விட்ட கிண்ணமாம். தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் வலை பொத்துகிறவர் பிய்ந்த இடத்தை இழுத்துச் சேர்ப்பதைத் தினமும் வாசலில் உட்கார்ந்து பார்ப்பவர் அவர். ஒருநாள் அதே முடிச்சை இதில் போட்டுப் பார்த்தார். முழுக் கிண்ணங்கள் இருக்க, கடையில் முதலில் விற்றது இதேபோல் தைத்துக் கொடுத்த இன்னொரு கிண்ணம். அடுத்த தடவை அதேபோல் பத்து கேட்டார்கள். "நல்லா இருக்கிறதை உடைச்சுத் தைக்கச் சொல்றாங்க, கேட்டீங்களா" என்று சிரித்தார். உடைக்கவில்லை. விரிசல் விடுவதைத் தனியாக எடுத்து வைக்கிறார். அதற்கு இங்கே பஞ்சமில்லை.

மழைதான் தொல்லை. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வார்னிஷ் பால்போல வெளுத்துப் போகும். எண்ணெய் மட்டும் தேய்த்து வைத்தவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் தேய்ப்பு வேலையெல்லாம் மழையில், பூச்சு வேலை ஜனவரிக்குப் பிறகு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தூசிக்கு மூக்கில் துண்டு கட்டுகிறார்கள், அது போதாது. அக்காவின் மகன் பஃபிங் மோட்டார் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறான். மோட்டார் வந்தால் வேகம் கூடும், தூசியும் பறக்கும், கரண்ட் பில்லும் ஏறும் என்று அம்மா கணக்குச் சொல்கிறார். எனக்கு மகன் கட்சிதான் சரியென்று பட்டது. கையால் தேய்ப்பதில் அழகு இருக்கிறது என்று எழுதுவது சுலபம். சாயங்காலம் அவர் விரல்களை மடக்கி நீட்டுவதைப் பார்த்தவர்கள் அப்படி எழுத யோசிப்பார்கள்.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அரசின் சாகரிகா விற்பனை நிலையம் இருக்கிறது. தனியார் கடைகளும் நிறைய. ஆனால் கடைகளில் அந்தமான் என்று பெயர் எழுதி வைத்திருக்கிற பொருள்களில் எத்தனையோ கப்பலில் வந்து இறங்கியவை என்று பெரியவர் கசப்போடு சொன்னார். இயந்திரத்தில் வெட்டிய சாவிக்கொத்தின் விலைக்குத் தங்களால் இறங்கி வர முடியாது. அதனால்தான் பட்டனும் விளக்கு மூடியுமாக வேறு பக்கம் திரும்பியிருக்கிறார்கள். தையற்கடைக்காரர் ஒருவர் ஜிப்பாவுக்குச் சிரட்டைப் பட்டன் கேட்டு வாங்குகிறார். வண்ணான் கல்லில் அடித்தாலும் உடையவில்லை என்று சான்றிதழும் தந்திருக்கிறாராம்.

நான் இருக்கும்போதே தங்கும் விடுதி ஒன்றிலிருந்து போன் வந்தது. விளக்கு மூடி நாற்பது வேண்டும், எல்லாம் ஒரே அளவில். அக்கா இந்தியில் பொறுமையாகப் பேசினார்: தேங்காயை நான் வார்க்கவில்லை, சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவில் பிரித்துத் தருகிறேன், எந்த மேசைக்கு எது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். பாதிப் பணம் முன்னால் தந்தால்தான் பிளேடை எடுப்பேன் என்றும் சொன்னார். அதற்கு மட்டும் பதில் நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.