எல்லையூர் இரவுக் கடைகள்

பெருநகரங்களில் குடியேறி வாழும் நம்மவருக்கு இரவு 11 மணிக்குப் பசி எடுத்தாலும் கவலை இல்லை. விளக்கொளி மிகுந்த வீதிகளில் உணவுக் கடைகள் நள்ளிரவு கடந்தும் திறந்திருக்கும். ஆயினும் அடுத்த மேசையில் அமர்ந்திருப்பவர் எவ்வூரார் என்று நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அண்மையில் விடுமுறைக்குத் தாயகம் சென்றிருந்தபோது, கேரள எல்லையை ஒட்டிய இரண்டு ஊர்களில் இராப்பொழுதைக் கழித்தேன். அவ்விடங்களில் உண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலாவது ஊர் பாலக்காடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமையும் வரை இது சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இங்கே தமிழில் பேசினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்பாத்தி அக்கிரகாரத்து வீதிகள் நவம்பர் மாதத் தேர்த்திருவிழாவின்போது இரவெல்லாம் விழித்திருக்கும். மற்ற நாள்களில் விரைவில் உறங்கிவிடும். நான் சென்றது மற்ற நாளில்! எங்கே உண்பது என்று எண்ணிக்கொண்டிருக்கையில், உள்ளூர் நண்பர் ஒருவர் வாழையிலைப் பொட்டலம் ஒன்றுடன் விடுதி அறைக்கு வந்தார். "காலையில் அவித்தது. இப்போது சாப்பிட்டுப் பாருங்கள்" என்றார். பிரித்தால், ராமசேரி இட்டலி.

எலப்புள்ளிக்கு அருகிலுள்ள சிற்றூர் ராமசேரி. அங்கே செய்யப்படும் இட்டலி நாம் அறிந்த குண்டு இட்டலி அன்று. சிறிய தோசையைப் போலத் தட்டையானது. மண்வளையத்தில் நூலால் வலை பின்னி, அதன்மேல் துணி விரித்து, மாவை வார்த்து, கொதிக்கும் பானையின்மேல் வைத்து ஆவியில் அவிக்கிறார்கள். விறகடுப்புத்தான். இது எளிதில் ஊசிப்போகாது என்று அவ்வூரார் பெருமையோடு கூறுவர். அன்றிரவு நான் உண்டவை அக்கூற்றைப் பொய்யாக்கவில்லை. பொடியும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து எத்தனை உண்டேன் என்பதை இங்கே எழுத நாணுகிறேன்.

இதைச் செய்து வருவோர் முதலியார் குடும்பத்துப் பெண்டிர். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து தறியோடு பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. நெசவு கைவிட்டது, இட்டலி கைகொடுத்தது. கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்ற காலம் போய், இன்று மோட்டாரில் தேடி வந்து உண்கிறார்கள். பாலக்காட்டு மலையாளிகள் இதைத் தங்கள் ஊர்ப் பண்டமாகவே கருதுகிறார்கள். நண்பர் ஒன்று சொன்னார்: "இப்போது விரல்விட்டு எண்ணும் சில வீடுகளில்தான் அவிக்கிறார்கள். அந்தப் பானையை வனைந்து தரும் குயவரும் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிறார்கள். அடுப்படிக்கு யார் வருவார்கள்?" நானும் அவ்வாறு வீட்டை விட்டு வந்தவனே ஆகையால் மறுமொழி கூறவில்லை.

நிற்க. இரண்டாவது ஊர் குமுளி. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, தேனி வழியாகக் கம்பம் சென்று, அங்கிருந்து மலையேற வேண்டும். ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், இடுக்கி மாவட்டத்தின் விளிம்பில் உள்ள ஊர். ஒரே கடைவீதியில் சில அடி நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. நாள்தோறும் விடியற்காலையில் கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வருகிறார்கள், மாலையில் மலையிறங்குகிறார்கள். அவர்கள் சென்றபின்பு தட்டுக்கடைகளில் விளக்கெரியும். நம் ஊர்க் கையேந்தி பவனுக்கு அங்கே அதுவே பெயர்.

நான் அமர்ந்த கடையில் ஒரே நீளப் பலகைதான் மேசை. பரோட்டா, ஆம்லெட், மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும், கட்டன் சாயா. எனக்கு வலப்பக்கம் காய்கறி லாரி ஓட்டி வந்த கம்பத்துக்காரர். இடப்பக்கம் ஆட்டோ ஓட்டும் மலையாளி இளைஞர். "சேட்டா, இன்னொரு பரோட்டா" என்று தமிழர் கேட்க, "இதோ அண்ணாச்சி" என்று கடைக்காரர் பரிமாறுகிறார். ஏலக்காய் விலை, மழை, ஆனை இறங்கிய செய்தி என்று எல்லாம் பேசினார்கள். நான் அறியாமல் முல்லைப்பெரியாறு அணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். பலகை முழுவதும் மௌனமாயிற்று.

"சார், அணைப் பேச்சு மட்டும் இந்தக் கடையில் வேண்டாம்" என்றார் கடைக்காரர், கோபமின்றி.

காரணத்தைப் பின்னர் அவரே சொன்னார். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை நிற்பது கேரளத்தில். அதன் நீரால் விளைவது தேனி, மதுரைப் பக்கத்து வயல்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரையின் படத்தைக் கடைகளில் மாட்டி வைத்திருப்பதைக் காணலாம். மலைமேல் இருப்போருக்கோ, பழைய அணை தாங்குமா என்ற அச்சம். 2011 டிசம்பரில் இப்பூசல் முற்றி இருபுறமும் கலகம் மூண்டது. குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. தோட்ட வேலைக்கு வந்த தமிழர் பலர் உயிருக்கு அஞ்சி மலையிறங்கினார்கள். சபரிமலைக்குச் செல்வோர் வேறு வழி தேடினார்கள்.

"அந்த மாசம் நான் அடுப்பே மூட்டலை. மூட்டினால் யார் வருவா?" என்றார் கடைக்காரர்.

"நான் லோயர் கேம்ப்போட நின்னுட்டேன். சேட்டாவுக்கு நாப்பது ரூவா பாக்கி வேற" என்று லாரிக்காரர் சிரித்தார். வழி திறந்தபின் முதல் நடையிலேயே அதைக் கொடுத்துவிட்டாராம். கடைக்காரர் அதை மறுத்தார். பாக்கி ஐம்பது என்பது அவர் கட்சி. இத்தனை ஆண்டுகளாகியும் வழக்குத் தீரவில்லை.

2020-இல் பெருந்தொற்றால் எல்லை மீண்டும் அடைபட்டது. அம்முறை சண்டை இல்லை. ஆயினும் கடை நெடுநாள் பூட்டிக் கிடந்ததாம்.

அணைநீர் எத்தனை அடி நிற்கலாம் என்பதில் அவ்விருவரும் ஒருபோதும் ஒத்துப்போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. லாரிக்காரர் பணம் கொடுத்து எழுந்தார். கடைக்காரர், வீட்டுக்கென்று பரோட்டாப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் கொடுத்து, வளைவுகளில் பனி இறங்கியிருக்கும், மெல்லப் போங்கள் என்றார். நான் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, காலை ஜீப்புகளுக்காக அவர் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுக் கொண்டிருந்தார்.