ஊசி போட்டால் நடக்கத் தேவையில்லையா?

பசியைக் குறைக்கும் ஊசி எடுக்கும் ஆசிரியைகள் எங்கள் பக்கத்தில் இப்போது ஒருவர் இருவர் அல்ல. யாரும் வெளியில் சொல்வதில்லை. "டயட்ல இருக்கன்" என்று சொல்லிச் சமாளிப்பதுதான் வழக்கம். பின்னேரத்தில் கடற்கரையில் நடக்கும் எங்கள் நான்கு பேரில் இரண்டு பேர் ஊசி எடுக்கிறோம். ஒருவர் எடுத்து நிறுத்தியவர். மற்றவர் கதைக்கத்தான் வருகிறார். யார் யார் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். "ஊசி போட்டா பிறகு எதுக்கு நடக்கிற?" என்று கேட்கும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

செமக்ளூட்டைட் என்ற மருந்து, சாப்பிட்டதும் எங்கள் குடலில் சுரக்கும் ஒரு ஹோர்மோனைப் போல வேலை செய்கிறது. மூளைக்குப் "போதும்" என்று சொல்கிறது, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. கிழமைக்கு ஒரு ஊசி. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் 68 கிழமைகளில் சராசரியாக உடல் எடையில் 15 வீதம் அளவு குறைந்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் ஒரு பகுதியினரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்த எடையில் 40 வீதம் அளவு கொழுப்பு அல்ல என்று தெரிந்தது. தசையும் அதற்குள் வருகிறது. சாப்பாட்டைக் குறைத்து எப்படி மெலிந்தாலும் கொஞ்சம் தசை போகும். பசியே இல்லாதபோது அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

எங்களில் ஒருவருக்கு 11 கிலோ குறைந்தது. "மாஷா அல்லாஹ், மெலிஞ்சிட்டீங்க டீச்சர்" என்று சொல்லாத ஆள் இல்லை. அதே மாதத்தில்தான் மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது இரண்டாவது மாடியிலேயே அவருக்குத் தொடை நடுங்கியது. ஸுஜூதிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டி வந்தது. வயது முப்பத்தாறு. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். எங்கள் ஊரில் தராசுக்கு இருக்கும் மரியாதை முழங்காலுக்கு இல்லை.

நடப்பது இதயத்துக்கும் சீனிக்கும் நல்லது. ஆனால் தசை நிற்க வேண்டுமானால் அதற்குப் பாரம் வேண்டும். கிழமைக்கு 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக ஜிம் தேடிப் போகவில்லை. எங்கள் ஜிம் ஸ்டாஃப் ரூம் கதிரைதான். இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்புவது, மெதுவாக இருப்பது. பத்துத் தரம், கொஞ்சம் ஆறி இன்னும் பத்து. பழகிய பிறகு இரண்டு கையிலும் ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல். பிறகு சுவரில் கை வைத்துத் தள்ளுவது. முதல் நாள் சிரித்த சீனியர் டீச்சர் இப்போது எங்களுக்கு எண்ணிக்கை சொல்கிறார்.

ஊசியை வெள்ளி இரவில் போடுகிறோம். குமட்டல் வந்தால் சனி, ஞாயிறோடு போகும். அந்த இரண்டு நாளும் மெதுவான நடை மட்டும்தான். சாப்பாடுதான் பெரிய போராட்டம். பசி இல்லாத நாளில் ஒரு ப்ளேன்டீயும் பிஸ்கட்டும் போதும் போல இருக்கும். ஆகவே முட்டை, மீன், பருப்பு, கௌபி முதலில், சோறு கடைசியில். வலீமாவில் சஹனைச் சுற்றி இருக்கும்போதுதான் கஷ்டம். இரண்டு வாயோடு நிறுத்தினால் "சுகமில்லையா?" என்று எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். இறைச்சித் துண்டை முதலில் எடுத்து ஆறுதலாக மென்றுகொண்டு இருந்தால் யாருக்கும் விளங்காது!

தண்ணீரையும் தாகம் வரும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் இருக்கும் நாளில் வெயிலில் நடக்கவே கூடாது. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைட்டோ சேர்த்து எடுப்பவர்கள் நடக்கத் தொடங்குமுன் டொக்டரிடம் அளவைப் பற்றிக் கேளுங்கள், சீனி திடீரென இறங்கலாம். எங்கள் கைப்பையில் எப்போதும் டொஃபி இருக்கும். நோன்பு வருவதற்கு முன்னும் ஒருமுறை டொக்டரிடம் கேட்க வேண்டும்.

ஊசியை நிறுத்தியவருக்காக ஒரு விஷயம். லிராக்ளூட்டைட் என்ற இதே வகை மருந்தை வைத்து டென்மார்க்கில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு வருடம் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு, எல்லாம் நிறுத்தி அடுத்த வருடத்தில், மருந்தோடு உடற்பயிற்சியும் செய்தவர்களை விடக் கூடுதலாக எடை திரும்பி வந்தது. எங்கள் தோழி இதைக் கேட்ட பிறகு ஒரு நாளும் நடையை விடவில்லை. சம்பளத்தில் ஊசிக்கு ஒதுக்கிய காசில் நல்ல சப்பாத்தும் வாங்கிவிட்டார்.

செவ்வாயும் வியாழனும் கதிரைப் பயிற்சி. மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு கடற்கரை, மஃரிபுக்கு முன் வீடு. ஈர மணல் ஓரமாக நடந்தால் கால் புதையாது. செருப்போடு வராதீங்க, சப்பாத்துப் போட்டு வாங்க. ஊசி எடுக்கிறீங்களா என்று யாரும் கேட்கமாட்டோம்.