மழைக்கு முன்னால் போடாத ஊசி

ஜூன் 9, மட்டாஞ்சேரி, கேரளம்

மிளகுக் கிடங்குகளுக்குப் பின்புறம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தொழுவம். ஒரு வயது கடந்த கலப்பினக் கிடேரி பின்னங்காலை ஊன்றாமல் நிற்கிறது. "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தான் தின்னுச்சு, டாக்டர்" என்கிறார் வீட்டுக்கார அம்மா. தெர்மாமீட்டர் 106 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. அசைபோடுவது நின்றுவிட்டது.

மருத்துவர் சப்பையை விரல்களால் அழுத்துகிறார். தோலுக்கடியில் நறநறவென்கிறது, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. வீக்கத்தின் ஓரம் கொதிக்க, நடுப்பகுதி சில்லிட்டிருக்கிறது. அங்கே தொட்டால் கிடேரி உதறவும் இல்லை. தசை செத்துக்கொண்டிருக்கிறது. இது சப்பை நோய்.

வீக்க நீரை ஊசியில் உறிஞ்சி ஆய்வகத்துக்கு எடுத்துவைக்கிறார். ஆனால் முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை. பென்சிலின் முதலில் இரத்தக்குழாயில், பிறகு தசையில், வீக்கத்தைச் சுற்றிலும்.

ஜூன் 10

கிளாஸ்ட்ரிடியம் சவாய். பிரெஞ்சுக் கால்நடை அறிஞர் ஷோவோவின் பெயரைத் தாங்கிய, சப்பை நோயின் கிருமி. இதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். புல்லோடு வயிற்றுக்குள் போய்த் தசையில் உறங்கும். அடிபட்டோ கன்றியோ அந்த இடத்தில் ஆக்சிஜன் குறைந்தால் விழித்துப் பெருகி நஞ்சைக் கக்கும். 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள, நல்ல ஊட்டமுள்ள கன்றுகளைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. கவனமாக வளர்த்தவர்களுக்கே இழப்பு நேர்வது கொடுமை.

ஜூன் 11

கிடேரி விடியற்காலையில் இறந்துவிட்டது. அறிகுறி தெரிந்த 12 முதல் 48 மணி நேரத்தில் உயிர் போவதுதான் இந்நோயின் வழக்கம். மருந்து பலிப்பது தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மட்டும்.

உடலை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. வித்துகள் மண்ணில் பரவிவிடும். ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வீடுகள் நெருங்கிய மட்டாஞ்சேரியில் அந்தக் குழிக்கு இடம் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது.

ஜூன் 12

மற்றக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. தோலுக்கடியில் 5 மில்லி. எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால் தினமும் காய்ச்சல் பார்க்கிறார்கள்.

இந்தத் தடுப்பூசி புதிதல்ல. 1932-இல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரித்து வருகிறது. கேரளத்தில் பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டி இறங்குகிறது. மழையோடுதான் இந்நோய் தலைகாட்டும். ஆகவே மே நடுவிலேயே ஊசி போட்டு முடிக்க வேண்டும். நகரத்தில் மாடுகள் குறைவு என்று இந்தத் தொழுவங்களை விட்டுவிடுவது நியாயமில்லை. கிராமத்துக்குப் போகும் ஊசி மட்டாஞ்சேரிச் சந்துக்கும் வந்தாக வேண்டும்.