வராத படகுகளின் கணக்கு

ஆசிரியபீடத்தில் இரவுக் கடமையில் இருந்த காலத்தில் எனக்கு மிகவும் பழகிப்போன செய்தியொன்று உண்டு. சட்டவிரோதமாக அவுஸ்திரேலியா செல்ல முயன்ற இத்தனை பேர் கடலில் வைத்துக் கைது என்பதே அது. கடற்படையின் ஊடக அறிக்கை மாலையில் வந்து சேரும். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, சிறுவர்கள் இத்தனை என்று அதில் இருக்கும். எண்ணை எடுத்துத் தலைப்பில் வைத்தால் செய்தி முடிந்தது. 2012ஆம் ஆண்டில் வாரம் ஒருமுறையேனும் அத்தகைய செய்தியை எழுதியிருப்பேன். அவ்வாண்டில் மாத்திரம் இலங்கையிலிருந்து 6,000க்கும் மேற்பட்டோர் படகுகளில் அவுஸ்திரேலியக் கரையை அடைந்தனர்.

ஒருநாள் காலை, எங்கள் பத்திரிகை அலுவலக வரவேற்பறையில் வன்னியிலிருந்து வந்த தாயொருவர் என்னைக் காணக் காத்திருந்தார். கையில் அன்றைய எங்கள் பத்திரிகையும் மகனின் சிறிய புகைப்படமும் இருந்தன. மகன் புறப்பட்டு ஒன்பது நாட்கள் ஆகிவிட்டன. பிடிபட்டவர்களில் அவனும் இருக்கிறானா என்று அறிய வேண்டும்.

"நம்பர் மட்டும்தானே தம்பி போட்டிருக்கிறியள். பேர் இல்லையோ?"

என்னிடம் பெயர்கள் இருக்கவில்லை. தெரிந்த இடங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன். பிடிபட்டவர்களை நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றில் ஆஜர் செய்வார்கள் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அந்த அம்மா நீர்கொழும்புக்குப் பேருந்து ஏறினார். மாலையில் திரும்பி வந்து, "அவன் அதுக்குள்ள இல்லைத் தம்பி" என்றார். தன் பிள்ளை பிடிபட்டிருக்க வேண்டும் என்று ஒரு தாய் கடவுளை வேண்டிக்கொண்டதை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

இதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், கொழும்பு விடுதியொன்றில் பத்திரிகையாளர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. பிராந்தியக் குடிவரவுப் பாதுகாப்பைப் பலப்படுத்தும் அரசாங்கச் செயற்றிட்டமொன்றின் முகாமையாளர் அதில் உரையாற்றினார். மேலை நாடொன்றின் அதிகாரி. பண்பாகப் பேசினார். தேநீர் இடைவேளையில் தாமாகவே என்னருகில் வந்து அமர்ந்தார்.

அவரது பணியின் விரிவு அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லைக் காவல் என்றால் கரையில் துப்பாக்கியுடன் நிற்பது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது எல்லைக்குப் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பாலேயே தொடங்கிவிடுகிறது. விமான நிலையங்களில் தம் நாட்டுத் தொடர்பாடல் அதிகாரிகளை அமர்த்துகிறார்கள். படம் மாற்றிய கடவுச்சீட்டைக் கண்டுபிடிக்க உள்ளூர் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். உரிய விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கிறார்கள். தொலைந்த, திருடப்பட்ட கடவுச்சீட்டுகளின் விபரங்களை நாடுகள் சர்வதேசப் பொலிஸாரின் தரவுத்தளத்தில் சேர்க்கின்றன. இவற்றோடு கடலில் ரோந்து, பத்திரிகைகளில் எச்சரிக்கை விளம்பரம். 2002இல் ஆரம்பமான பாலி செயன்முறை, அவுஸ்திரேலியாவையும் இந்தோனேசியாவையும் இணைத்தலைமையாகக் கொண்டு இத்தகைய ஒத்துழைப்புக்கு மேடை அமைத்தது. இலங்கையும் அதில் ஓர் அங்கத்துவ நாடு. 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காகக் கொழும்பு வந்த அவுஸ்திரேலியப் பிரதமர் டொனி அபொட், இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளை வழங்குவதாக அறிவித்ததும் இதே நோக்கத்துடன்தான்.

"எங்கள் வெற்றியைக் கண்ணால் காட்ட முடியாது. வராத படகுதான் எங்கள் வெற்றி" என்றார் அவர். காலாண்டு அறிக்கையின் மாதிரியையும் காட்டினார். நடத்தப்பட்ட பயிற்சிகள், வழங்கப்பட்ட உபகரணங்கள், தடுக்கப்பட்ட பயணங்கள் என நிரல்கள் இருந்தன.

நான் கேட்டேன்: "திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு நிரல் எங்கே?"

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "அது எங்கள் பொறுப்பு எல்லைக்குள் வராது" என்றார். பின்னர், "ஆனால் ஒரு படகு புறப்படாவிட்டால் ஒரு குழந்தை மூழ்காது. அதையும் எழுதுங்கள்" என்றார்.

அதையும் எழுதத்தான் வேண்டும். 2009 நவம்பரில் இலங்கையர் 39 பேருடன் சென்ற படகு கொக்கோஸ் தீவுகளுக்கு அப்பால் மூழ்கியபோது 27 பேரே மீட்கப்பட்டனர். மீன்பிடிக்கவென்று கட்டிய படகில் பன்மடங்கு ஆட்களை ஏற்றி, இலட்சக்கணக்கில் பணம் பறித்த தரகர்கள் தியாகிகள் அல்லர். அவர்களைத் தடுக்க ஒரு செயற்றிட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

எனினும், தரகரைத் தடுக்கும் அதே வலையில் அடைக்கலம் தேடுபவரும் அகப்பட்டுக்கொள்கிறார். 2014 ஜூலையில் அவுஸ்திரேலியா 41 இலங்கையரை நடுக்கடலிலேயே விசாரித்து, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்கள் காலிக்குக் கொண்டுவரப்பட்டனர். அதே வேளை, புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்கள், சிறுவர்களும் உட்பட, ஏறத்தாழ ஒரு மாதம் சுங்கக் கப்பலொன்றில் தடுத்து வைக்கப்பட்டு, ஈற்றில் நவுறுவுக்கு அனுப்பப்பட்டனர். அத்தடுத்துவைப்புச் சட்டபூர்வமானதே என அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அமைந்தது. ஏழு நீதியரசர்களில் மூவருக்கு உடன்பாடில்லாத ஒரு விடயம், காலாண்டு அறிக்கையில் தடுக்கப்பட்ட பயணம் ஒன்று என்று முடிந்திருக்கும்.

படகு வராமற் போனதால் காரணமும் இல்லாமற் போய்விடுமா? 2022இல் பொருளாதார நெருக்கடி நாட்டை உலுக்கியபோது 303 இலங்கையர் ஒரே படகில் கிளம்பினார்கள். தத்தளித்த அவர்களை நவம்பரில் ஜப்பானியக் கப்பலொன்று மீட்டு வியட்நாமில் இறக்கியது. ரோந்துப் படகுகள், பயிற்சிகள், விளம்பரங்கள் எல்லாம் அப்போதும் இருந்தன.

மீட்பதற்கு ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் தடுப்பதே கொலையாகிவிடும் என்பதை இப்பிராந்தியம் 2015 மே மாதத்தில் கண்டது. ரோஹிங்யா, வங்காளதேச மக்கள் நிறைந்த படகுகளை நாடுகள் மாறி மாறிக் கடலுக்கே தள்ளிவிட்டன. பலரைக் கரைசேர்த்தவர்கள் ஆச்சே மீனவர்கள். மறு ஆண்டு மார்ச்சில் பாலி செயன்முறையின் அமைச்சர்கள் உயிர்காப்பின் அவசியத்தைப் பிரகடனமாக வெளியிட்டார்கள். நிரலொன்று சேர்க்கப்படலாம் என்பதற்கு அதுவே சான்று. நான் கேட்பதும் அவ்வளவுதான். தடுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதப்பட வேண்டும். அவர் ஏன் புறப்பட்டார் என்பது கரையில், மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் கேட்கப்பட வேண்டும். திருப்பி அனுப்பினால் ஆறு மாதத்தின் பின் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்க்க வேண்டும். ரோந்துப் படகு வாங்கும் பணத்தில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தது. அக்கரை 2009 மே மாதத்தில் எதைக் கண்டது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படகைக் கண்ட மீனவர்கள் உணவு கொடுத்தார்கள். அதிகாரிகளுக்கும் அறிவிக்கப்பட்டது. அந்த மீனவர்களுக்கு எவரும் பயிற்சிப் பட்டறை நடத்தியதில்லை. வந்தவர்கள் பசித்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் முதலில் கண்டார்கள். மற்றவை அதற்குப் பின்னரே.

அந்தத் தாய் அதன் பின்னரும் இருமுறை வந்தார். பிறகு வரவில்லை. மகனிடமிருந்து செய்தி வந்ததனாலா, தேடிக் களைத்ததனாலா என்று நான் அறியேன். அவரது தொலைபேசி இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கலாம். குறிக்கவில்லை. அதிகாரியின் அறிக்கையில் இல்லாத நிரல் என் குறிப்பேட்டிலும் இருக்கவில்லை.

அன்றுமுதல் அத்தகைய ஊடக அறிக்கை வரும்போதெல்லாம் தொலைபேசியை எடுத்துப் பெயர்களைக் கேட்பேன். பெரும்பாலும் தரமாட்டார்கள். ஓய்வு பெறும்வரை கேட்பதை மாத்திரம் நான் நிறுத்தவில்லை.